நகருக்குக் குடிநீர் தரும் காட்டைத் தீயிலிருந்து காப்பது: மலை நகரங்களுக்கான முழு வழிகாட்டி

உதகைக்குப் பார்சன்ஸ் வேலியும் மார்லிமந்தும், குன்னூருக்கு ரேலியா அணை, கொடைக்கானலுக்கு மனோரஞ்சிதம் அணை. நம் மலை நகரங்களின் குடிநீர் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு நீர்த்தேக்கங்களில் இருந்துதான் வருகிறது. அவற்றின் தலைமாட்டிலேயே செங்குத்தான சரிவுகளில் காடு நிற்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகும். பிப்ரவரி வெயிலில் சருகு மொறுமொறுப்பாகும். மார்ச்சில் எங்கோ ஒரு தீக்குச்சி விழும்.

தீ எரியும்போது தண்ணீருக்குப் பெரிய கேடு வராது. அதன் பின் பெய்யும் முதல் கனமழைதான் கேட்டைக் கொண்டுவரும். சருகும் வேரும் பிடித்துவைத்திருந்த மண் சாம்பலோடு சேர்ந்து ஓடையில் இறங்கும். கலங்கல் ஏறும், பாஸ்பரஸும் மாங்கனீசும் கூடும். கரைந்த கரிமப் பொருள் குளோரினோடு சேர்ந்து வேண்டாத வேதிப்பொருள்களை உண்டாக்கும். அமெரிக்காவின் டென்வர் நகரம் இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்தது. 1996இல் பஃபலோ கிரீக், 2002இல் ஹேமன் என்று இரு தீக்களுக்குப் பின் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்தது. அதை அள்ளவும் சரிவுகளைச் சீர்செய்யவும் நகரக் குடிநீர் அமைப்பு 2.7 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2003 ஜனவரியில் காட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி எரிந்தது. அதுவரை பெரிய சுத்திகரிப்பு இல்லாமலே மலைநீரைக் குடித்துவந்த கான்பெர்ரா, அதன் பின் ஸ்ட்ரோம்லோ மலையில் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டவேண்டி வந்தது.

நமக்கு இடைவெளி இன்னும் குறைவு. தீ மார்ச்சில் வந்தால் கோடை இடிமழை ஏப்ரலிலேயே வந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியை வைத்து நகர்கிறது: எந்தச் சரிவு எரிந்தால் எவ்வளவு மண் குழாய்க்கு வரும்?

1. வரைபடம்: எரியக்கூடிய இடத்தைவிட, எரியக்கூடாத இடம் முக்கியம்

நீர் எடுக்கும் இடத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ஓடையையும் நடந்து பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடமும் செயற்கைக்கோள் படமும் அடிப்படைக்குப் போதும். ஆனால் ஓடைக்கரையில் மண் எப்படி இருக்கிறது, பழைய மண்சரிவு எங்கே என்பதெல்லாம் கால் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பகுதியை 5 முதல் 20 ஹெக்டேர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் கொடுங்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை:

- எரிபொருள்: வெறும் புல் 1, கலப்புக் காடு 2, அடியில் புதர் மண்டிய பைன் அல்லது கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்பு 3.
- தீ தொடங்கும் வாய்ப்பு: சாலை, தேயிலைத் தோட்டம், கோயில் பாதை, மின்கம்பி, குப்பை மேடு ஆகியவற்றுக்கு எவ்வளவு அருகில்.
- மண் விளைவு: 30 டிகிரிக்கு மேல் சரிவா, ஓடைக்கு 100 மீட்டருக்குள்ளா, நீர்த்தேக்கத்துக்கு நேர் மேலா.

மூன்றையும் பெருக்குங்கள். மண் விளைவுக்கு 3 வாங்கிய துண்டு, மொத்தத்தில் பின்தங்கினாலும் முதல் பட்டியலில் இருக்கட்டும். வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு: சாலையோரத்தில் வேலை செய்வது எளிது என்பதால் பணமெல்லாம் சாலையோரத்திலேயே தீர்ந்துவிடும். அணைக்கு மேலே ஜீப் போகாத அந்தச் சரிவு அப்படியே கிடக்கும்.

2. சருகை எடை போடுங்கள்

கண்ணால் பார்த்து "நிறையச் சருகு" என்று எழுதுவதால் பயனில்லை. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடங்களில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் போட்டு, அதற்குள் உள்ள சருகையும் விரல் தடிமனுக்குக் குறைந்த சுள்ளிகளையும் வாருங்கள். தகரத்தில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி எடை பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 10 டன். 5 டன்னுக்குக் கீழ் இருந்தால் அந்தத் துண்டை இந்த ஆண்டு விட்டுவிடலாம். 10 டன்னைத் தாண்டினால் கை வைத்தே ஆகவேண்டும்.

பெருங்கட்டையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த புல்லும் இலையும் ஊசியும் ஒரு மணி நேர வெயிலிலேயே காய்ந்து தீயை ஓட்டிச் செல்பவை. கனத்த கட்டை ஓடாது, நின்று எரியும். ஆனால் அது கிடக்கும் இடத்தின் மண்ணை ஆழமாகச் சுடும். எனவே ஓடையோரத்தில் மட்டும் கட்டைக் குவியல்களைக் கவனியுங்கள்.

சரிவின் கணக்கு தனி. மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சமதளத்தைவிட 20 டிகிரி சரிவில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு.

3. யாருடைய நிலம்

வேலை தொடங்கும் முன் நில உரிமையை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். காப்புக்காட்டுக்குள் வேலை வனத்துறையுடையது. நகராட்சியோ தன்னார்வக் குழுவோ ஆளும் பணமும் தரலாம், அரிவாளைத் தானாக எடுக்கக்கூடாது. தனியார் தோட்டத்து மரத்துக்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சரணாலயமாக இருந்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தீ வைப்பதைத் தடை செய்கிறது. அந்நியக் களைகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருப்பதால், விண்ணப்பத்தை "மரம் வெட்ட" என்று எழுதாமல் அந்தத் திட்டத்தின் கீழ் எழுதுவது நல்லது. காட்டில் வாழும் பழங்குடி மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உள்ள உரிமைகளை முதலிலேயே பேசிவிடுங்கள். தீக்காவலுக்கு அவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

4. எரிபொருளைக் குறைத்தல்: மரத்துக்கு மரம் வேறு வைத்தியம்

எல்லா இடத்திலும் "புதர் நீக்கம்" என்று ஒரே வேலையைச் செய்வதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய வீண்செலவு.

*பைன்.* நீலகிரியில் நட்ட பட்டுலா பைன் தோப்புகளில் ஊசிச் சருகு மெத்தை போல் கிடக்கும். பிசின் வேறு. இதன் காய்களில் பல மூடியே இருந்து வெப்பத்தில் திறப்பவை. அதனால் தீ வந்தால் அடுத்த தலைமுறைப் பைனுக்கு அதுவே விதைப்பு. வெட்டிய அடிமரம் திரும்பத் துளிர்க்காது என்பது நமக்கு வசதி. மரத்துக்கு மரம் உச்சிகளுக்கிடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வரும்படி இடையில் உள்ள மரங்களை வெட்டிக் கழியுங்கள். நிற்பவற்றின் கீழ்க்கிளைகளை 2 முதல் 3 மீட்டர் உயரம் வரை கவாத்து செய்யுங்கள், ஆனால் மர உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தரைத்தீ உச்சிக்கு ஏறும் வழியே இந்தக் கீழ்க்கிளைகள்தான். ஊசிச் சருகை மண் தெரியுமளவு வாரிவிடாதீர்கள். இரண்டு விரற்கடைக் கனம் விட்டால் மழை மண்ணை அறுக்காது.

*கற்பூர மரம்.* உரிந்து தொங்கும் பட்டைதான் ஆபத்து. எரியும் பட்டைத் துண்டு காற்றில் பறந்து, தீத்தடுப்புக் கோட்டுக்கு (தீ தாண்டாதபடி புல்லும் சருகும் நீக்கிய பாதை, 6ஆம் பகுதியில் வருகிறது) அப்பால் விழும். சாலை, கோடு, ஓடை ஆகியவற்றின் அருகே 30 மீட்டருக்குள் அடிமரத்தில் தொங்கும் பட்டையை உரித்து அகற்றுங்கள். வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை துளிர்களைத் தட்டிவிட, குறைந்தது ஒன்றரை ஆண்டுக்கான கூலியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். களைக்கொல்லி தடவினால் வேலை எளிது என்பார்கள். குடிநீர்க் காட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

*சீகை.* வாட்டில் எனப்படும் இதுதான் சிக்கலான மரம். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் முளைக்கும். ஒட்டுமொத்தமாக வெட்டினால் வெயில் பட்டு ஆயிரக்கணக்கில் கன்று எழும்பும். இரண்டாம் ஆண்டில் முன்பு இருந்ததைவிட அடர்ந்த, தலைமட்டப் புதர் நிற்கும். சீகையில் ஓர் இனம் வேரிலிருந்தே பக்கக் கன்று விடும். எனவே இடம் பார்த்து முடிவெடுங்கள். முன்பு புல்வெளியாக இருந்த மென்சரிவு முகடுகளில் வெட்டுங்கள். அங்கே அடுத்த மூன்று முதல் ஐந்து மழைக்காலங்களுக்குக் கன்று பிடுங்க ஆள் உண்டு என்றால் மட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரக் கன்று வேரோடு வரும், காய்ந்த மண்ணில் முறியும். செங்குத்துச் சரிவிலும் ஓடையோரத்திலும் பெரிய சீகையை நிற்கவிடுங்கள். அதன் நிழலில் சோலைக் கன்றுகள் (மலைப்பள்ளங்களில் உள்ள இயற்கையான பசுங்காட்டின் மரக்கன்றுகள்) தாமாகவே ஏறிவருவதைக் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காணலாம். அங்கே அடியில் காய்ந்து விழுந்த கொம்புகளை மட்டும் எடுத்துவிட்டு, ஜூன் மழையில் செண்பகம், நாவல் வகைக் கன்றுகளை இடையில் நடுவதுதான் நீண்டகால வழி.

*உண்ணிச்செடி.* லான்டானா எனப்படும் இதுவே தாழ்ந்த சரிவுகளில் முதல் எதிரி. மேலே வெட்டினால் பல கிளையாகத் துளிர்க்கும். ஆணிவேரைத் தரைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே கொத்தால் அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும். பூத்துக் காய்க்கும் முன் செய்துவிட வேண்டும், பறவைகள் பழத்தை எடுத்துப்போய்விடும். சரிவில் ஒரேயடியாக எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். சம உயரத்தில் 10 மீட்டர் பட்டை எடுத்து 10 மீட்டர் விட்டு, புல் மூடிய பிறகு மீதியை எடுங்கள்.

*புல்வெளி.* இங்கே பதற்றம் வேண்டாம். புல் வேகமாக எரிந்து அணைந்துவிடும், வேர் தப்பும், ஒரே மழையில் பச்சை வரும். புல்வெளியில் நிற்கும் ரோடோடென்ட்ரான் மரமே பல தீக்களைத் தாங்கி நிற்பதுதான். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப எரிவதால் சோலையின் விளிம்பு தேய்வதே கவலை. விளிம்பை ஒட்டி ஒரு பட்டையில் புல்லை அறுத்துவிட்டால் போதும்.

*சோலை.* ஒன்றும் செய்யாதீர்கள். ஈரமான உட்புறம் தானே தீயை நிறுத்தும். "சுத்தம்" செய்கிறோம் என்று அடிச்செடியை வெட்டினால் காற்றும் வெயிலும் உள்ளே புகுந்து, நன்றாக இருந்த இடமும் எரியத் தகுந்ததாகும்.

5. வெட்டியதை அங்கேயே விடக்கூடாது

கழித்த கிளைகளைத் தரையில் விட்டுவந்தால், உயரத்தில் இருந்த எரிபொருளைக் கீழே இறக்கிவைத்தது மட்டுமே நடந்திருக்கும். முதல் தேர்வு வெளியே கொண்டுபோவது. தேயிலைத் தொழிற்சாலைகள் இலை உலர்த்த விறகு எரிக்கின்றன. முதுமலையில் மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரத்தை அகற்றும் வேலையில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையையே அரசு ஈடுபடுத்தியது. சாலையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பதைத் தலைச்சுமையாகவும் கயிறு கட்டியும் இறக்கலாம். ஈரமண்ணில் டிராக்டர் ஏற்றி இழுக்காதீர்கள். சக்கரத் தடம் ஓடையாக மாறும்.

கொண்டுவர முடியாததைச் சிறு துண்டாக நறுக்கிச் சம உயரக் கோட்டில் தரையோடு படிய வையுங்கள். குவித்து எரிப்பது கடைசி வழி, அதுவும் வனத்துறையின் கையால். குவியல் 1.5 முதல் 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். நிற்கும் மரத்துக்கு 3 மீட்டருக்குள்ளும் ஓடைக்கு 30 மீட்டருக்குள்ளும் கூடாது. மழை விட்ட மூடுபனி நாள்களில் மட்டும்.

அணைந்தது என்று எப்போது சொல்லலாம்? புறங்கையைச் சாம்பலுக்குள் விட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் திரும்பப் பார்க்க வேண்டும். நியூ மெக்சிகோவில் 2022 ஜனவரியில் எரித்த குவியல் ஒன்று பனிமழைக்கு அடியிலேயே கனன்றுகொண்டிருந்து, ஏப்ரலில் கால்ஃப் கேன்யன் தீயாக வெளிவந்தது. காட்டைப் பாதுகாக்கத் திட்டமிட்டு வைத்த இன்னொரு தீயும் ஏப்ரல் 6ஆம் தேதி கைமீறியது. இரண்டும் சேர்ந்து 3,41,000 ஏக்கரை எரித்தன. பின்வந்த மழையில் லாஸ் வேகாஸ் என்ற சிறு நகரத்தின் குடிநீர் ஆறு சாம்பலாகி, நகரத்துக்கு ஒரு மாதத் தண்ணீர்கூட மிஞ்சவில்லை. சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன லாஸ் வேகாஸ் வேறு. இது கல்லினாஸ் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் பழைய ஊர்.

6. தீத்தடுப்புக் கோடு

கோட்டை முகட்டில் போடுங்கள், சரிவின் நடுவில் போடாதீர்கள். முகட்டை எட்டும் தீ மறுபுறம் இறங்கும்போது வேகம் இழக்கும், அங்கேதான் நிறுத்த முடியும். அகலம் அருகிலுள்ள எரிபொருளின் உயரத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. புல்வெளி முகட்டில் 6 முதல் 10 மீட்டர், சாலையின் இருபுறமும் 5 மீட்டர் என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு.

அந்த அகலம் முழுவதையும் வெறும் மண்ணாகச் சுரண்டுவதுதான் குடிநீர்க் காட்டில் நடக்கும் வழக்கமான தவறு. நடுவே 45 முதல் 60 சென்டிமீட்டர் மட்டும் மண் தெரியட்டும். மீதியில் புல்லை 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து, வேரை விட்டுவிடுங்கள். வெட்டிய புல்லைக் கோட்டுக்கு வெளியே, தீ வராத பக்கம் தள்ளுங்கள்.

கோடு சரிவில் இறங்கும் இடங்களில் மழைநீர் அதையே வாய்க்காலாக்கும். 30 டிகிரி சாய்கோணத்தில் குறுக்கு மேடு போட்டு நீரை ஓரப் புல்லுக்குத் திருப்புங்கள். 10 சதவீதச் சரிவில் 24 மீட்டருக்கு ஒன்று, 20 சதவீதத்தில் 14 மீட்டர், 30 சதவீதத்தில் 11 மீட்டர். கோட்டை ஓடை வரை கொண்டுபோகாமல் கரைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் ஜனவரி நடுவரை முதல் வெட்டு. பிப்ரவரி கடைசியில் உதிர்ந்த சருகைக் கூட்டும் இரண்டாம் சுற்று கட்டாயம். முதல் வெட்டோடு கணக்கை முடித்துவிட்டால், மார்ச்சில் கோடு இருக்கும், அதன் மேல் சருகும் இருக்கும்.

7. தீ எங்கே தொடங்குகிறது, யார் பார்ப்பது

நம் மலைகளில் கோடைத் தீ ஏறக்குறைய முழுவதும் மனிதர் கையால் வருவது: தோட்டக் கழிவு எரிப்பு, பீடித் துண்டு, சமையல் அடுப்பு, மேய்ச்சலுக்கு வைத்த நெருப்பு, உரசும் மின்கம்பி. பிப்ரவரி தொடங்கும் முன் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நேரில் போய், கழிவை ஜனவரிக்குள் மக்கவைக்கச் சொல்லுங்கள். மின்வாரியத்திடம் கம்பிக்கு அடியில் உள்ள கிளைகளைக் கழிக்க எழுத்தில் கேளுங்கள்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் எச்சரிக்கையைக் கைப்பேசிக்கு இலவசமாக அனுப்புகிறது. வனச்சரகர் மட்டுமின்றி நகராட்சிக் குடிநீர்ப் பொறியாளரும் பதிந்துகொள்ளட்டும். அதை மட்டும் நம்பாதீர்கள். செயற்கைக்கோளில் உள்ள நுணுக்கமான கருவியின் படப்புள்ளியே (பிக்சல்) 375 மீட்டர், அது நம் தலைக்கு மேல் கடப்பது ஏறத்தாழ பகல் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த தீ நள்ளிரவுக்குப் பிறகுதான் தெரியவரலாம். எனவே நண்பகல் 12 முதல் மாலை 6 வரை, நீர்ப்பிடிப்புப் பகுதி முழுதும் கண்ணில் படும் மேட்டில் இரண்டு காவலர்கள். கைப்பேசி எடுக்காத பள்ளங்களைக் குறித்துவைத்து அங்கே வாக்கி டாக்கி கொடுங்கள்.

8. முதல் ஒரு மணி நேரம்

2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயின்போது விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து தொங்கு வாளியால் 16,000 லிட்டர் ஊற்றியது. பெரிய எண் போலத் தெரிகிறது, ஒன்றிரண்டு தண்ணீர் லாரிதான். ஹெலிகாப்டர் வரும் நிலைக்கு முன்பே, தரையில் ஆள் நிற்கும்போதே தீ அடங்க வேண்டும்.

6 முதல் 8 பேர் கொண்ட குழு ஒன்றுக்கு: மண்வெட்டி 3, அரிவாள் 3, இரும்புப் பல் வாரி 2, தீ அடிக்கும் ரப்பர் தட்டை 3, சருகு ஊதும் இயந்திரம் 1, முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பான் 2, தலைக்கு 4 லிட்டர் குடிநீர், பருத்தி முழுக்கைச் சட்டை, தோல் காலணி. பாலியஸ்டர் சீருடை உருகித் தோலில் ஒட்டும். தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்த தெளிப்பானைக் கடன் வாங்காதீர்கள், அந்த மருந்து நேராக ஓடைக்குப் போகும். நுரையும் தீயடக்கி வேதிப்பொருளும் ஓடையிலிருந்து 90 மீட்டருக்கு அப்பால்தான்.

சுடர் 1.2 மீட்டருக்குக் கீழ் இருந்தால் கையால் அடிக்கலாம். அதைத் தாண்டினால் விலகி, தீ முகட்டுக் கோட்டை எட்டி வேகம் இழக்கும் வரை காத்திருங்கள். எரிந்து முடிந்த கருப்புத் தரையில் கால் ஊன்றி, பின்னிருந்து இரு ஓரங்களிலும் அடித்துக்கொண்டே முன்னேறுங்கள். ஒருவர் தீயை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது. தப்பும் வழிகள் இரண்டு, எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எரியும் சரிவுக்கு மேலே ஒருவரையும் அனுப்பாதீர்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் சரிவில் தீயிடம் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள்.

9. தீ வந்துவிட்டால்: மழைக்கு முன் உள்ள நாள்கள்

அணைந்த மறுவாரமே சரிவுகளை நடந்து பாருங்கள். கருப்புச் சருகு மிஞ்சியிருந்தால் மிதமான எரிவு. வெள்ளைச் சாம்பலும் வெறும் மண்ணும் என்றால் கடுமையானது. சாம்பலை விலக்கி மண்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். 5 விநாடிக்கு மேல் உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றால் மண் நீரை விலக்குகிறது. ஒரு நிமிடம் தாண்டினால் அந்தச் சரிவுதான் முதல் மழையில் அணைக்கு வரும்.

அங்கே ஹெக்டேருக்கு 2 முதல் 2.5 டன் வைக்கோல் பரப்புங்கள், தரையில் 70 சதவீதமாவது மூடவேண்டும். வேறு வைக்கோலைவிட நெல் வைக்கோல் நல்லது. வயல் ஈரத்தில் வளரும் அதன் களைகள் மலைச்சரிவில் நிலைக்காது. கருகிய மரங்களைச் சம உயரக் கோட்டில் கிடத்தி, மண்ணில் பாதி புதைத்து, அடியில் இடைவெளி இல்லாமல் மண் அணையுங்கள். இடைவெளி விட்டால் நீர் அந்த ஓட்டையில் குவிந்து முன்னைவிட மோசமாக அறுக்கும். ஓடைகளில் சிறு கல் தடுப்பு கட்டலாம், ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பின் வண்டலை அள்ள ஆள் இருக்கவேண்டும்.

குடிநீர்ப் பக்கம்: மழைக்கு முன்பே அணையின் வண்டல் மதகைத் திறந்து மூடி, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று பெருமழைகளின்போது எரிந்த ஓடையிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்தி மாற்று மூலத்துக்கு மாறும்படி திட்டமும், அதற்கான சேமிப்பும் இருக்கவேண்டும். படிகாரத்தின் அளவைப் பழைய கணக்கில் போடாமல் ஒவ்வொரு நாளும் குடுவைச் சோதனை (குடுவைகளில் நீரெடுத்து வெவ்வேறு அளவு படிகாரம் கலந்து பார்ப்பது) செய்து முடிவுசெய்யுங்கள். வடிகட்டிய நீரின் கலங்கல் 1 என்டியுவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்கட்டும், இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு அதுவே. வடிகட்டும் முன் குளோரின் கலப்பதைக் குறைத்து, வடிகட்டிய பின் கலப்பதைக் கூட்டுங்கள். வாடை தெரிந்தால் கிளர்வூட்டிய கரித்தூள் சேர்க்கலாம். சீகை இருந்த சரிவு எரிந்திருந்தால் அடுத்த ஜூலையில் கன்று பிடுங்க ஆள்களை இப்போதே பேசிவையுங்கள்.

இத்தனைக்கும் பணம்? அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகர மக்கள், 2010இல் ஷுல்ட்ஸ் தீயும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் கண்டபின், தங்கள் நீர்ப்பிடிப்புக் காட்டைக் கழிக்க 1 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு 2012இல் வாக்களித்தார்கள். நம் நகராட்சிகளில் குடிநீர்க் கட்டணத்தோடு சிறு தொகையைச் சேர்த்து, வனக்கோட்டத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போடுவது நடக்கக்கூடிய வழி. ஓராண்டு ஒப்பந்தத்தில் சீகை வெட்டத்தான் முடியும், கன்று பிடுங்க முடியாது.